பாலமில்லாத பெயர்ப்பலகை

வெர்லின் ஸ்ட்ரௌடு ஏறக்குறைய இருபது வருடம் ஆஷ்பி நகரசபையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடத்தில் அவர் அங்கே பேசியதையெல்லாம் சேர்த்து வடிகட்டினால் ஒரே ஒரு சொல்தான் தேறும். "வழிமொழியறேன்."

எங்கள் ஊர்ச் சபையின் விதி பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஓர் உறுப்பினர் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். இன்னோர் உறுப்பினர் அதை வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால், எவ்வளவு பெரிய தீர்மானமானாலும் ஓட்டெடுப்புக்கே போகாமல் மேசைமேலேயே செத்துப்போகும். மேயர் கூட்டத்தை நடத்தலாம், மரச் சுத்தியலால் தட்டலாம். ஆனால் அவர் முன்மொழியவும் கூடாது, வழிமொழியவும் கூடாது. ஒருத்தன் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, இன்னொருத்தனாவது அதற்கு வாய் திறக்க வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்த விதி அது. வெர்லின் மாதிரி ஓர் ஆள் வந்து உட்காருவார் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

சபையில் நாலு நாற்காலி. ஒன்றில் இருந்தவர் இறந்துபோக, அது காலியாகவே கிடந்தது. சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி ஒலிபெருக்கி வைத்து ஜனநாயகம், ஜனநாயகம் என்று தொண்டை கிழியக் கத்துகிற ஊர் இது. அந்த நாற்காலிக்கு மனுக் கொடுக்க நாதியில்லை. மிச்சம் மூன்று பேர். மேயர் ஹாலிஸ் டில்பெக்கின் மைத்துனன் கர்ட்டிஸ், அவன்தான் எல்லாவற்றையும் முன்மொழிவான். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேவிஸ் குயின்லன், அந்த அம்மாள் எல்லாவற்றையும் எதிர்ப்பார். நடுவில் வெர்லின்.

பகலில் அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். வண்டிக்குள் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற அந்தக் குரல், மாதத்தில் ஒரு சாயங்காலம் சபைக்கு வந்தவுடன் எங்கே போய் ஒளியும் என்று தெரியாது. தண்ணீர்த் தொட்டியின்மேல் கெளுத்தி மீன் படம் வரைய வேண்டும் என்றார்கள், வழிமொழிந்தார். மேயர் நடத்துகிற பழைய வண்டிக் கடைக்கு எதிரே வேறு யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்றார்கள், வழிமொழிந்தார். ஒருமுறை ஊருக்குள் கோழி வளர்க்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. அதை வழிமொழிந்துவிட்டு டோநட் தின்றுகொண்டிருந்தார். மேயரை அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார் போலிருக்கிறது. அதே கூட்டத்தில் கோழி வளர்க்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம் வந்தது. வாயில் இருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டு அதையும் வழிமொழிந்தார்.

ஊரில் யாரும் அவரைக் கெட்டவர் என்று சொன்னதில்லை. எங்கள் ஊரில் நல்லவர் என்றால் அதுதான் அர்த்தம்: யாருக்கும் இடைஞ்சல் இல்லாதவர். இந்த மாதிரி நல்லவர்கள் பத்துப் பேர் இருந்தால் போதும், ஓர் அயோக்கியன் ஊரையே சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

அவரை நேருக்கு நேர் ஏசுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய அக்கா ஃபெர்ன். வான்கோழி ஓடைக்கு அந்தப்பக்கம் தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, நாக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது வெர்லினின் வேலை. ஓடைப் பாலத்தைத் தாண்டினால் ஊர், ஊரைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. வண்டியின் பாட்டுப் பெட்டியில் நாலு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம்.

அந்த வசந்தத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஓடை பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. தூண்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அக்காவை அழைத்துவர அணைக்கட்டு வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. பாதி வழி சரளைக் கல். பாட்டுப் பெட்டி ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரத்தம் சுத்தம் செய்துவிட்டுத் துவண்டுபோய் வரும் ஃபெர்னுக்கு அந்தக் குலுக்கல் வாந்தியை வரவழைத்தது.

"பாலம் எப்படா வரும்?" என்பார்.

"வரும்க்கா. வாஷிங்டன்ல கேட்டிருக்காங்க."

"யாரு கேட்டா? நீயா? நீ யாருகிட்டடா எதைக் கேட்டே, உன் ஆயுசுல?"

அது உண்மையும்தான். வெள்ளம் வடிந்த வாரத்தில் சேதத்தை மதிப்பிட மாநிலத்திலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுப்பதை வைத்து ஆளுநர் கேட்பார். அதிபர் கையெழுத்துப் போட்டால் பாலத்துக்குப் பணம் வரும், போடாவிட்டால் வராது. வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டியது வெர்லினின் பள்ளிக்கூடப் பேருந்து. பக்கத்தில் மேயர். இந்தக் கரையில் நனைந்துபோன கடைகளையும் சர்ச்சின் நிலவறையையும் பார்த்து முடித்தார்கள். அணைக்கட்டுப் பாதை பிரியும் இடத்தில் வெர்லின் வேகத்தைக் குறைத்தார்.

"மேயர், அந்தக் கரைக்கும் போகணுமில்ல?"

"அங்க பார்க்க என்னப்பா இருக்கு? நாலு பண்ணையும் உங்க அக்காவும். சர்ச் வாசல்ல கெளுத்தி வறுத்து வச்சிருக்காங்க, ஆறிப்போயிரும். திருப்பு வண்டிய."

வெர்லின் திருப்பினார். அந்தத் திருப்பலும் ஒரு வழிமொழிதல்தான். வந்தவர்கள் மீனைத் தின்று, ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கரையின் சேதம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

வாரங்கள் போயின. கையெழுத்து வரவில்லை. அதிபரைப் புகழ்ந்து பேசிய மாநிலங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கிறதாம் என்று ஒரு பேச்சு லூவின் உணவுக்கடையில் கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் கேவலம். பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியைக் குழம்பில் முக்கிக்கொண்டே, "அப்போ நாமளும் புகழ்ந்துட்டாப் போச்சு" என்றார்கள். சட்டப்படி கேட்ட ஒன்று ஒரு மனிதரின் மனநிலைக்காகக் காத்துக் கிடப்பது, வானிலை மாதிரி, யாரும் கேள்வி கேட்க முடியாத ஒன்றாக அவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் மேயர் சுத்தியலைத் தட்டினார். கொடிக்கு உறுதிமொழி, பிரார்த்தனை எல்லாம் ஆனது.

"நாம கேக்கறோம், கேக்கறோம், கேட்டுக்கிட்டே இருக்கோம். கொடுக்கறவருக்கு நாம என்னத்தைக் கொடுத்தோம்?" என்றார்.

"வரி கொடுத்தோம், ஹாலிஸ்" என்றார் மேவிஸ்.

"அதைச் சொல்லலை. ஒரு மரியாதை. பாலத்துக்கு அதிபர் பேரை வைக்கலாம்னு இருக்கோம்."

"எந்தப் பாலத்துக்கு?"

"வான்கோழி ஓடைப் பாலத்துக்கு."

"அது இந்நேரம் மிசிசிப்பி ஆறு வரைக்கும் போயிருக்கும். அங்க போயி ஒட்டிட்டு வா."

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை. "பேரு முதல்ல போகும், பாலம் பின்னால வரும். படம் எடுத்து அனுப்புவோம். அவரு கண்ணுல பட்டாப் போதும்."

"இதுக்குப் பேரு லஞ்சம்."

"மரியாதை, மேவிஸ்."

"ராஜா இருக்கற ஊர்ல இதை மரியாதைம்பாங்க. நாம ராஜாவைத் துரத்திவிட்டு இருநூத்திச் சொச்சம் வருஷமாச்சு. தபால் உனக்கு இன்னும் வந்து சேரலையா?"

கர்ட்டிஸ் முன்மொழிந்தான். மேயர் வெர்லினைப் பார்க்கக்கூட இல்லை. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்று தெரிந்தவன் விளக்கையா பார்ப்பான்?

"வழிமொழியறேன்" என்றார் வெர்லின்.

அக்காவுக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பாலம் வரட்டும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன? கூழைக்கும்பிடு போடுகிற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறாள், அல்லது ஒரு பிள்ளை இருக்கிறான். யாரும் தனக்காகக் குனிவதில்லை. கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

பலகை வந்தது. நீலப் பலகை, தங்க எழுத்து, ஒரு மாட்டுக் கொட்டகைக் கதவின் அகலம். சாலை உடைந்து அந்தரத்தில் நிற்கிற இடத்தில், ஆபத்து என்று எழுதிய தடுப்புக்கும் ஓடைக்கும் நடுவில், அதை நட்டார்கள். பிறகு நன்றி விழா. கொடுக்காத பொருளுக்கு நன்றி சொன்ன ஊர் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூட பேண்டு வாசித்தது. மேயர் அதிபருக்கு நன்றி சொன்னார், பிறகு கடவுளுக்கு. அந்த வரிசையில்தான்.

எதிர்க்கரையில் ஃபெர்ன் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெர்லின் கரையோரம் இறங்கிப் போய்க் கையாட்டினார்.

"என்னடா எழுதியிருக்கு அதுல?" ஓடைக்கு மேலாக ஃபெர்னின் குரல் வந்தது.

"உனக்குத் தெரியலையாக்கா?"

"எப்படித் தெரியும்? எனக்கு ஆணியும் தகரமும்தான் தெரியுது. உங்க ஆளு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு."

இரண்டு கரையிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். சிரித்த பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தார்.

ஜூலையில் பதில் வந்தது. மறுப்பு. மத்திய அரசின் உதவி தேவைப்படும் அளவுக்குச் சேதம் இல்லை என்று இரண்டே வரி. பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேறு ஊராக இருந்தால் வெட்கப்பட்டிருக்கும். மேயர் லூவின் கடையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்: "எழுத்து சின்னதாப் போச்சு. படத்துல சரியா விழலை." அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். வளர்ந்த மனிதர்கள், துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள், எவனுக்கும் அடங்க மாட்டோம் என்று வண்டியின் பின்னால் ஒட்டியிருப்பவர்கள்.

மேவிஸ் வெர்லினைக் கடை வாசலில் பிடித்தார். "முப்பது நாள் இருக்கு. ஆளுநர் மேல்முறையீடு பண்ணலாம், சட்டத்துல இருக்கு. ஆனா புதுசா ஏதாவது காட்டணும். மாவட்டக் கவுண்டி ஆபீஸ்ல கேட்டேன். அந்தக் கரையில ஒரு வீடுகூடக் கணக்குல இல்லையாமே. ஏன்னு தெரியுமா உனக்கு?"

வெர்லினுக்குத் தெரியும். "எனக்கெப்படித் தெரியும் மேவிஸ்?" என்றார்.

அடுத்த நாள் டயாலிசிஸ் நாள். முந்தின நாள் பெய்த மழையில் சரளைப் பாதை சரிந்திருந்தது. அணைக்கட்டைத் தாண்டும் முன்பே வண்டியின் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கல் வைத்தார், பலகை வைத்தார், தள்ளினார். ஒரு பண்ணைக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுப்பதற்குள் ஆஸ்பத்திரியில் அவர்கள் நேரம் முடிந்துவிட்டது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். ஃபெர்னின் கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இளைத்தது. ஆனாலும் நாக்கு ஓயவில்லை.

"அந்த வெளியூர்க்காரங்க வந்தாங்களே, கணக்கெடுக்க. என் வீட்டுக்கு வரலை. கெய்தர் பண்ணைக்கும் வரலை. யாருடா வண்டி ஓட்டினது?"

வெர்லின் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

"நீதான்னு கெய்தர் சொன்னான். மீன் நல்லா இருந்துச்சாடா?"

"மேயர் திருப்பச் சொன்னாருக்கா."

"சொன்னாரு. ஸ்டீரிங் யாரு கையில இருந்துச்சு?" மூச்சு வாங்கினார். "அம்மா வயித்துலேர்ந்து என் பின்னாலதானே வந்தே. அன்னிக்கே வழிமொழிஞ்சுட்டே போலிருக்கு."

வெர்லினுக்கு அழுகை வரவில்லை. அவமானம்கூட உடனே வரவில்லை. அன்றைக்கு அந்தப் பாதைப் பிரிவில் பிரேக்கிலிருந்து தன் கால் எழுந்ததுதான் ஞாபகம் வந்தது. மேயரின் கால் அல்ல.

கூட்டம் வந்தது. சபை கூடுகிற பழைய தீயணைப்பு நிலையத்தில் மடக்கு நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. கர்ட்டிஸ் ஒரு தாளைப் பிரித்துப் படித்தான். பலகையை இரண்டு மடங்கு பெரிதாக்குவது. அதற்கு விளக்குப் போடுவது. அதிபர் பிறந்தநாளை ஊர் விடுமுறை ஆக்குவது. மேயர் தலைமையில் ஒரு குழு, உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடையுடன் வாஷிங்டன் போய் நேரில் வணங்கிவிட்டு வருவது.

"பன்றியே நேர்ல போகுதே, தொடை எதுக்குத் தனியா?" என்றார் மேவிஸ்.

மேயர் சுத்தியலைத் தட்டினார். "முன்மொழியப்பட்டது. வழிமொழிபவர்?"

காபிப் பானை கொப்பளித்தது.

மேயர் தாளில் குறித்துக்கொண்டே, "வெர்லின் வழிமொழிகிறார்" என்றார்.

"நான் சொல்லலை" என்றார் வெர்லின்.

மேயர் நிமிர்ந்தார். "என்னப்பா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"சரி, சொல்லு."

வெர்லின் எதிரே இருந்த டோநட்டைப் பார்த்தார். அதை எடுக்கவும் இல்லை.

"வெர்லின், தொண்டை கட்டிக்கிச்சா? தண்ணி வேணுமா?"

"நல்லாத்தான் இருக்கு."

"உங்க அக்காவுக்குப் பாலம் வேணாமா?" மேயரின் குரல் தணிந்தது. "அவரு மனசு வச்சாத்தான் உண்டு. தெரியுமில்ல?"

வெர்லினின் காது சிவந்தது. வீரம் என்று ஒன்று அவர் முகத்தில் இருந்ததாக நினைக்க வேண்டாம். பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரிதான் இருந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. இருபது வருடமாக அவர் செய்திருக்கக் கூடிய ஒரே வேலை, சும்மா இருப்பது. அதை அன்றைக்குத்தான் செய்தார்.

"வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் செத்துப்போச்சு" என்றார் மேவிஸ். "விதி என்னன்னு உனக்குத் தெரியும், ஹாலிஸ். தட்டு."

மேயர் தட்டவில்லை. மேவிஸ் காத்திருக்கவும் இல்லை. "நான் ஒண்ணு முன்மொழியறேன். நாளைக்கே அந்தக் கரைக்கு வண்டி போகணும். வீடு வீடாப் படம் எடுத்து, சேதத்தை எழுதி, மேல்முறையீட்டுக்காக கவுண்டி ஆபீஸ்ல கொடுக்கணும்."

மேவிஸ் முன்மொழிந்த எதையும் அந்தச் சபையில் யாரும் வழிமொழிந்ததே கிடையாது. கர்ட்டிஸ் கூரையைப் பார்த்தான்.

"வழிமொழியறேன்" என்றார் வெர்லின். பிள்ளைகளை அதட்டுகிற அந்தக் குரலில்.

இரண்டுக்கு ஒன்று. நிறைவேறியது.

மறுநாள் பேருந்து சரளைப் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. ஃபெர்னின் நிலவறையில் சேறு இன்னும் இடுப்பளவு கிடந்தது. கெய்தரின் சோளக்காட்டில் பாதிக்கு மேல் ஆற்று மணல். இன்னொரு பண்ணையின் எரிவாயுத் தொட்டி மரக்கிளையில் சிக்கியிருந்தது. மேவிஸ் படம் எடுத்தார், வெர்லின் அளவு நாடாவைப் பிடித்தார். ஃபெர்ன் வாசலில் உட்கார்ந்து, "ஏன், இன்னிக்கு மீன் வறுக்கலையா?" என்று கேட்டார். எல்லாம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆளுநர் மேல்முறையீடு செய்தார்.

பனி கொட்ட ஆரம்பித்த பிறகு அதிபர் கையெழுத்துப் போட்டார்.

சேதக் கணக்கு அவரை ஒப்புக்கொள்ள வைத்ததா, அன்றைக்குக் காலைச் சாப்பாடு அவருக்கு நன்றாக இருந்ததா, பலகையின் படம்தான் எப்படியோ கண்ணில் பட்டதா? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. முதலில் இல்லை என்றதற்கும் காரணம் சொல்லவில்லை, பிறகு ஆமாம் என்றதற்கும் சொல்லவில்லை. சட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில், சட்டம் வேலை செய்ததா அல்லது ஒருவருக்கு மனம் இளகியதா என்று குடிமக்கள் சோழி உருட்டிப் பார்க்க வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் ஊருக்கு அந்தக் குழப்பமே இல்லை. "பலகை வேலை செஞ்சிடுச்சு பாத்தியா!" என்று லூவின் கடையில் மேயரின் முதுகில் தட்டினார்கள். ஏப்ரல் மாதத் தேர்தலில் வெர்லினை எதிர்த்து கர்ட்டிஸின் மகன் நின்றான். பாலத்தைக் கெடுக்கப் பார்த்தவர் என்று வெர்லினைப் பற்றி வீடு வீடாகச் சொன்னார்கள். தோற்றார், படுதோல்வி. அவர் பேருந்தில் போய்ப் படித்து ஆளானவர்கள்தான் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். கர்ட்டிஸின் மகனும் நன்றாகவே வழிமொழிகிறான் என்று கேள்வி.

பாலம் திறந்த அன்று மறுபடியும் பேண்டு, மறுபடியும் மீன். வெர்லின் விழாவுக்குப் போகவில்லை. அன்று டயாலிசிஸ் நாள். கூட்டம் கலைவதற்கு முன்பே அக்காவை ஏற்றிக்கொண்டு புதுப் பாலத்தின்மேல் வண்டியை விட்டார். புது சிமெண்டில் சக்கரம் ஓசையில்லாமல் உருண்டது. போகும்போது பலகையின் முதுகு. ரத்தம் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பும்போது, ஊர்ப் பக்கத்திலிருந்து வந்ததால், வெயிலில் மின்னிய தங்க எழுத்து நேராக முகத்தில் அடித்தது. ஃபெர்ன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கண்ணைச் சுருக்கி முழுதும் படித்தார்.

"முதுகே தேவலாம்" என்றார். "ஓட்டுடா."